வல்லரசுப் போட்டியும் சமதர்ம நோக்கும்

கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கீழிறங்கிக் கல்லூரிக்கு வரும் மாணாக்கன் ஒருவன் உலக வல்லரசுகளின் போட்டியைப் பற்றிக் கற்க வேண்டுவது எதன்பொருட்டு? வாஷிங்டனும் மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அவனுடைய சாமைக் கொல்லைக்கும் கடுக்காய் மரத்துக்கும் நெடுந்தொலைவில் உள்ளன. அந்நகரங்களில் நிகழும் ஆலோசனைகளுக்கும் அவன் வாழ்வுக்கும் யாது தொடர்பு? இவ்வினா நியாயமானதே. ஆயினும் இதற்கு விடை காண அவன் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மலையினின்று இறங்கிக் கள்ளக்குறிச்சியைக் கடந்து சிறிது கிழக்கே சென்றால் போதும்; தியாகதுருகத்துக் குன்றின்மேல் நிற்கும் பழங்கோட்டை விடை கூறும்.

அக்கோட்டையின் வரலாற்றினின்று மூன்று வினாக்களைப் பெற்று, அவற்றை உரைகல்லாகக் கொண்டு, வல்லரசுகளின் போட்டியையும் பிற நாட்டுக் காரியங்களில் அவை தலையிடுதலையும் பற்றிச் சமதர்மவாதிகள் கொண்ட கருத்துக்களை ஈண்டு ஆராய்வோம்.

1. தியாகதுருகம் கற்பிப்பது

1748-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம்முள் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டனர். அதே ஆண்டில் ஐதராபாத் நிஜாம் ஆசப் ஜா காலமானார். நிஜாம் பதவிக்கு நாசிர் ஜங்கும் முசாபர் ஜங்கும் போட்டியிட்டனர். 1749-ல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் மடிந்தபின், அவர் மைந்தர் முகம்மது அலியும் சந்தா சாகிபும் நவாப் பதவிக்கு மோதினர். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபையும், ஆங்கிலேயர் முகம்மது அலியையும் ஆதரித்தனர். ஐரோப்பாவில் சமாதானம், கருநாடகத்தில் யுத்தம்! தம் பெயரால் பொருதாமல் பிறர் பெயரால் பொருதும் இம்முறையையே இக்காலத்தார் பதிலிப் போர் என்கின்றனர். அச்சொல் பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டார் அப்பொருளை அனுபவித்துவிட்டனர்.

சமவெளியினின்று ஆத்தூர்க் கணவாய் வழியாக மைசூர்ப் பக்கம் செல்லும் பாதையைக் காத்து நின்றமையால் தியாகதுருகம் யாவராலும் விரும்பப்பட்டது. 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் தோல்வியுற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, ஐதர் அலியின் துணையைப் பெறும்பொருட்டு அக்கோட்டையை அவருக்கு விலையாகக் கொடுத்தார். ஐதரின் படை சில திங்களில் திரும்பிச் சென்றது. 1761-ல் நெடுநாள் முற்றுகைக்குப்பின் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1790-ல் திப்பு சுல்தானின் படையும் அதனைத் தாக்கி மீண்டது. கோட்டை கைமாறிய இத்தனை முறையும் அவ்வூர் உழவனையும் நெசவாளனையும் கருத்துக் கேட்டார் ஒருவரும் இலர்.

முகம்மது அலியின் முடிவு இதனினும் பெரும் பாடம். ஆங்கிலேயர் துணையால் பதவி பெற்ற அவர், அத்துணைக்கு ஈடு செய்யக் கடன்மேல் கடன் வாங்கினார். நாட்டின் வரி கடன்காரர்க்கு அடகாயிற்று. 1801-ல் கம்பெனியார் கருநாடகம் முழுவதையும் தாமே எடுத்துக்கொண்டனர். துணைக்கு வந்தவன் வீட்டுக்கு உடையவன் ஆயினான்.

இவ்வரலாற்றினின்று எழும் வினாக்கள் மூன்று. தலையிடுமாறு அழைத்தவர் யார்? அதன் செலவைச் சுமந்தவர் யார்? முடிவில் அங்கே தங்கிவிட்டவர் யார்?

2. கொள்கையும் அதற்கு நேர்ந்த சோதனையும்

வல்லரசுகளின் போட்டிக்கு மன்னர்களின் ஆசையையோ இனங்களின் பகையையோ மட்டும் காரணமாகக் கூறுவது பழைய வழக்கம். 1902-ல் ஆங்கில அறிஞர் ஹாப்சனும், அவர் நூலைப் பயன்படுத்திக்கொண்டு 1916-ல் லெனினும் வேறு காரணம் காட்டினர். உள்நாட்டில் பெருகிய மூலதனம் இலாபம் தேடி வெளியே செல்கிறது. கச்சாப் பொருளுக்கும் சந்தைக்கும் இடம் தேடுகிறது. அவ்விடங்களைக் காக்கப் படையும் கொடியும் பின்தொடர்கின்றன என்பது அவர்தம் கருத்தின் சாரம். ஆதலின், வல்லரசுகள் இரண்டு பொருதுமிடத்து அவ்விரு நாட்டுத் தொழிலாளரும் ஒருவரையொருவர் கொல்வதில் பொருளில்லை என்று சமதர்மவாதிகள் முழங்கினர்.

சோதனை வந்தபோது அம்முழக்கம் நிலைத்ததா? 1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஜெர்மனியின் சமதர்மக் கட்சியார் தம் சட்டசபையில் யுத்தச் செலவுக்கு இசைந்து வாக்களித்தனர். 1915-ல் ஸ்விட்சர்லாந்திலுள்ள சிம்மர்வால்டில் கூடி யுத்தத்தை எதிர்த்தவர் சிலரே.

தமிழகத்தில் 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளர் தினமாகச் சென்னையில் முதன்முதற் கொண்டாடிய சிங்காரவேலரும், 1931-ல் பொதுவுடைமை அறிக்கையைத் தமிழாக்கி வெளியிட்ட குடி அரசு இதழும் இக்கொள்கையை நம் மக்களிடம் கொணர்ந்தனர். அந்நாளில் ஏகாதிபத்தியம் என்றாலே பிரிட்டன்தான் கண்முன் நின்றது. எனவே சிக்கல் சிறிதாகவே தோன்றிற்று. சமதர்மத்தின் பெயரால் ஆளும் அரசே ஒரு வல்லரசாகி, அதுவும் அயல்நாட்டில் படையுடன் புகுமானால் என் செய்வது? இதுவே பின்னர் எழுந்த கடுவினா.

1939-ல் தொடங்கிய உலக யுத்தத்தை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி முதலில் ஏகாதிபத்திய யுத்தம் என்றது. 1941 ஜூனில் சோவியத் ருஷ்யா தாக்கப்பட்டபின் அதனையே மக்கள் யுத்தம் என்றது. 1942-ஆம் ஆண்டின் ஆகஸ்டுப் போராட்டத்தினின்று விலகி நின்றது. காங்கிரஸ் சமதர்மக் கட்சியைச் சேர்ந்த ஜயப்பிரகாச நாராயணரோ சிறைச்சுவர் தாண்டி அப்போராட்டத்தில் இறங்கினார். இலங்கையின் சமசமாஜக் கட்சித் தலைவர்களும் யுத்தத்தை எதிர்த்துச் சிறை சென்று, 1942-ல் தப்பி, சிலர் இந்தியா வந்தனர். சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய அந்தோணிப் பிள்ளையும் அவ்வியக்கத்தில் வளர்ந்த தமிழரே.

ஹிட்லரின் கொடுமை உலகை விழுங்க வந்தபோது அதனை எதிர்த்த கூட்டணியை ஆதரிப்பதே கடமை என்ற வாதம் இலேசானதன்று. ஆயினும், நம் விடுதலையின் காலத்தை மற்றொரு நாட்டின் தேவை நிச்சயிக்கலாமா என்ற எதிர்வாதமும் இலேசானதன்று. இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே மாணாக்கர்க்கு அழகு.

3. ஒரு வாரத்தில் இரு தலையீடுகள்

உரைகல்லின் பயனைத் தெளிவாகக் காட்டுவது 1956-ஆம் ஆண்டு. நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியமையால் அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், உடன் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அதே வாரத்தில், நவம்பர் 4-ஆம் நாள், சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகரில் புகுந்து மக்கள் எழுச்சியை அடக்கின. முன்னதைக் கண்டித்த குரல்கள் பல பின்னதற்கு மௌனம் சாதித்தன. பின்னதற்குக் கண்ணீர் வடித்த அரசாங்கங்கள் சில முன்னதைச் செய்தவையே.

நேரு அரசாங்கம் சூயஸ் விஷயத்தில் உடனே பேசிற்று. ஹங்கேரி விஷயத்தில் தயங்கிற்று. ஜயப்பிரகாசர் அத்தயக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1968-ல் செக்கோஸ்லோவாகியாவில் சோவியத் படை புகுந்தபோது, இந்திய அரசாங்கம் அதனைக் கண்டியாமை கண்டு, பழைய சமதர்மவாதியான அசோக மேத்தா மத்திய மந்திரி பதவியைத் துறந்தார். நட்பு நாட்டின் குற்றத்தைக் குற்றமென்று கூறுதற்குப் பதவியை விலையாகக் கொடுத்தார் எனலாம்.

ராம் மனோகர் லோகியா 1952-ல் பச்மரியில் கூடிய சமதர்மக் கட்சி மாநாட்டில், முதலாளித்துவமும் கம்யூனிஸமும் ஆசிய மக்களுக்கு ஒருபடித்தாகவே பொருந்தா என்று வாதித்தார். 1953 ஜனவரியில் ரங்கூனில் கூடிய ஆசிய சமதர்ம மாநாடும் இரு முகாம்களுக்கும் புறம்பான வழியைத் தேடிற்று. இக்கொள்கையை மறுப்போர், சோவியத் நாடு பிலாய் உருக்காலைக்கு உதவியதையும், வியத்நாமிய மக்கள் அமெரிக்கப் படையை எதிர்த்து நிற்கத் துணை புரிந்ததையும் எடுத்துக்காட்டி, இரு முகாம்களையும் ஒரே தட்டில் வைத்தல் அநீதி என்பர். அவ்வுதவிகள் உண்மையே, நன்றியுடன் நினைக்கத்தக்கனவே. ஆனால் நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதற்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அன்று.

4. நம் வாசற்கடல்

இனி நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கையைக் காண்போம். அந்நாடு அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் உடைமைகளை எடுத்துக்கொண்டபோது, 1963-ல் அமெரிக்கா தன் பொருளுதவியை நிறுத்திற்று. சிப்பாய் ஒருவனும் இறங்காமலே தலையீடு நடைபெறலாம் என்பதற்கு இதுவே சான்று. 1971 ஏப்ரலில் அத்தீவின் சிங்கள இளைஞர் கலகம் செய்தபோது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் ருஷ்யா ஆகிய யாவும் கொழும்பு அரசாங்கத்துக்கே உதவின. உலக அரங்கில் பகைத்து நின்றவர்கள், ஓர் அரசாங்கத்தைக் காப்பதில் ஒன்றுபட்டனர். வல்லரசுகளின் பகைமை நாம் எண்ணுமளவு ஆழமானதன்று போலும்!

அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள், இலங்கையின் முயற்சியால், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை இந்தியப் பெருங்கடலைச் சமாதான மண்டலமாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் 1965-ல் மொரீஷியஸினின்று பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகளில் டீகோ கார்சியா அமெரிக்கத் தளமாயிற்று. 1968 முதல் 1973 வரை அத்தீவுக் குடிகள் தம் ஊரினின்று அகற்றப்பட்டனர். செலவைச் சுமந்தவர் யார் என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ? இக்காலத்தில் 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனக் கம்பெனியிடம் சென்றது. கடன் பட்ட நவாபின் கதை முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை.

5. நம்மையே உரைத்துப் பார்த்தல்

பிறரை அளப்பது எளிது. அதே படியால் நம்மை அளப்பதே அரிது. 1971-ல் கிழக்கு வங்காளத்தினின்று ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியா வந்தனர். ஜயப்பிரகாசர் உலக நாடுகள் பல சென்று அம்மக்களுக்காக வாதாடினார். டிசம்பரில் இந்தியப் படை புகுந்தது. அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தது. யுத்தம் முடிந்து மூன்று திங்களுக்குள், 1972 மார்ச்சில், இந்தியப் படை வெளியேறிற்று. அழைத்தவர் தேர்தலில் வென்ற மக்கட் பிரதிநிதிகள். தங்கியவர் ஒருவரும் இலர். ஆகவே எல்லாத் தலையீடும் ஒரு தன்மையது என்று கூறிவிட இயலாது.

1987-ஆம் ஆண்டின் கதை வேறு. ஜூலை 29-ல் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. அதனுடன் இணைத்த கடிதங்களில், திரிகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்கு மாறாக எந்நாட்டின் இராணுவப் பயனுக்கும் விடப்படாது என்று எழுதப்பட்டது. அழைத்தது கொழும்பு அரசாங்கம். ஈழத் தமிழ் மக்களோ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தரப்பாக இல்லை. அமைதி காக்கச் சென்ற படை, காக்கச் சென்ற மக்களிடையே போரிட்டது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரரும், தமிழ்க் குடிகள் பலரும் உயிரிழந்தனர். நல்லெண்ணம் இருந்திருக்கலாம், வல்லமையும் இருந்தது, கேட்கவேண்டியவரைக் கேட்கும் பொறுமை இல்லை.

அத்தீவின் சமதர்மவாதிகளையும் இவ்விடத்து மறத்தல் தகாது. 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கினால் நாடு பிளவுறும் என்று எச்சரித்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1972-ல் அரசியலமைப்பு மந்திரியாக இருந்து, சிங்களத்துக்கு ஆட்சிமொழி என்னும் தனியிடமும் பௌத்தத்துக்கு முதன்மையிடமும் அளித்த அரசியலமைப்பை நிறைவேற்றியவரும் அவரே. அந்நிய ஏகாதிபத்தியத்தை அஞ்சாது எதிர்த்தவர்கள், உள்நாட்டுச் சமத்துவத்தைக் காக்கத் தவறினர். உள்ளே நீதி மறுக்கப்பட்ட வீட்டின் கதவு வெளியாருக்குத் தானே திறந்துவிடுகிறது.

6. முடிவுரை

2003-ல் அமெரிக்கா ஈராக்கிலும், 2022-ல் ருஷ்யா உக்ரேனிலும் படையுடன் புகுந்தன. முன்னதற்கு ஒரு நீதியும் பின்னதற்கு ஒரு நீதியும் பேசுவோர் இன்றும் இரு பக்கத்திலும் உளர். அவர்கள் தலையிடுபவனின் கொடியைப் பார்க்கின்றனர். சமதர்ம நோக்கின் உயிர்நிலை, கொடியைப் பாராது, அக்கொடியின்கீழ் மிதிபடுபவனைப் பார்த்தலே. அந்நோக்கினின்று வழுவிய சமதர்மவாதிகள் வழுவியது கொள்கையின் குறையால் அன்று. கொள்கையை நண்பர்க்குத் தளர்த்தியமையால்.

வெள்ளிமலை மாணாக்கனுக்கு இதில் இன்னுமொரு பாடம் உண்டு. கம்பெனி ஆட்சி வந்தது, முடியாட்சி வந்தது, 1947-ல் சுதந்தரமும் வந்தது. ஆயினும் கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் உடைமை, 1976-ல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்வரை நீடித்தது. கீழே கோட்டைகள் கைமாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் மேலே மலைக்குடிகள் வரியும் வெட்டி வேலையும் செலுத்திக்கொண்டே இருந்தனர். அந்நியன் நீங்குதல் விடுதலையின் ஒரு பாதி. நம்முள் ஒருவர் மற்றவரை அழுத்தாதிருத்தல் மறுபாதி. இரண்டாம் பாதியை நிறைவேற்றிய நாட்டில் சந்தா சாகிபுகள் தோன்றார். அவர்களைத் தேடிவரும் வல்லரசுகளுக்கும் வேலை இராது.

ஆதலின் மாணவத் தோழர்காள், பத்திரிகையில் ஏதேனும் ஒரு நாட்டில் அயற்படை புகுந்ததெனப் படிக்குந்தோறும், அப்படை எவருடையது என்று வினவுமுன், தியாகதுருகத்தின் மூன்று வினாக்களையும் கேளுங்கள். விடை நமக்கு உவப்பானதாயினும் அன்றாயினும் அதனை மறையாது உரைப்பதே கல்வியின் பயன்.