கோதுமையும் இரத்தச் சோதனையும்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ மாலை வேளையில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைகிறீர்கள். அங்குள்ள பலகையில் இட்லி, தோசை, பொங்கல் ஒரு வரிசை. பூரி, சப்பாத்தி, பரோட்டா மற்றொரு வரிசை. முதல் வரிசையில் இருப்பவை அரிசியும் பருப்பும். இரண்டாம் வரிசையில் இருப்பது கோதுமை. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சிலருக்கு இரண்டாம் வரிசை சிறுகுடலையே சிதைத்துவிடும். இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு இதனை எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர்? அந்தச் சோதனையின் விடையை எந்த அளவுக்கு நம்பலாம்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

குடலில் நடப்பது என்ன?

கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. பிசைந்த மாவு இழுபடுவதற்குக் காரணம் இதுவே. 1950-ஆம் ஆண்டில் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே தமது ஆய்வேட்டில், இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று காட்டினார்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்நோய் உள்ளவர் கோதுமை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றல் குளூட்டனைப் பகையாகக் கருதிப் போரிடுகிறது. அந்தப் போரில் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேருவதில்லை. குழந்தையின் வளர்ச்சி குன்றும். இரத்தச் சோகை தோன்றும். இது தொற்றுநோய் அன்று.

இங்கே ஒரு விந்தை உண்டு. நம் திசுக்களில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. இந்நோயாளிகளின் உடல் தனது சொந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது! 1997-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டனர். அந்த எதிர்ப்பொருள்களைத்தான் இன்றைய சோதனை தேடுகிறது.

நிறம் சொல்லும் விடை

இச்சோதனைக்குப் பயன்படும் எலிசா முறை 1971-இல் அறிவிக்கப்பட்டது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். குழியின் அடியில் மேற்சொன்ன நொதி பூசப்பட்டிருக்கும். நோயாளியின் இரத்தத் தெளிவத்தை நீர்க்கச் செய்து அதில் ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது நொதியோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். ஒட்டிய எதிர்ப்பொருளை அடையாளம் கண்டு பற்றும் வேறொரு பொருளை அடுத்துச் சேர்ப்பார்கள். அதனுடன் நிறம் உண்டாக்கும் நொதி ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். இறுதியில் நிறமற்ற கரைசலை ஊற்றினால் அது நீலமாகும்; அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும்.

இனி நடப்பது பௌதிகம். மஞ்சள் கரைசல் நீல ஒளியை உட்கவரும். எனவே 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு வெளிவருகிறது என்று கருவி அளக்கிறது. பத்தில் ஒரு பங்கு வெளிவந்தால் உட்கவர் அளவு 1. நூறில் ஒரு பங்கு வெளிவந்தால் 2. நீங்கள் கற்ற மடக்கை இங்கே பயன்படுவதைப் பாருங்கள்! நிறம் அடர்ந்தால் எதிர்ப்பொருள் மிகுதி என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள்

அடையாற்றில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும்புச் சத்து மாத்திரை உண்டும் அவளுடைய இரத்தச் சோகை நீங்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டுக் கோதுமையை நிறுத்திவிடுகிறாள். பல மாதங்கள் கழித்துச் சோதனை செய்தால் "இல்லை" என்று வருகிறது. அவளுக்கு நோய் இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. கோதுமை நின்றால் எதிர்ப்பொருளும் படிப்படியாகக் குறைந்து மறையும். ஆகவே சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது.

மற்றொன்று: சோதனை தேடுவது பெரும்பாலும் ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளை. சிலர் உடலில் அவ்வகையே மிகக் குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். அதனால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

வடக்கும் தெற்கும்

பி. எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலிய மருத்துவர்கள் நம் நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். வடக்கே ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய்; தெற்கே 1,000 பேரில் ஒருவருக்கு. நோய்க்கு இடம் தரும் மரபணுக்களோ இரு பகுதிகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தன. அப்படியானால் வேறுபாடு எதில்? அவர்கள் கண்ட சராசரிக் கோதுமை உணவு நாளொன்றுக்கு வடக்கே 455 கிராம். தெற்கே 25 கிராம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சோதனை, நோயாளிகள் 100 பேரில் 95 பேரையும், நோயற்றவர் 100 பேரில் 98 பேரையும் சரியாகச் சொல்வதாகக் கொள்வோம். வடக்கே 10,000 பேரில் நோயாளிகள் 100; அவர்களில் 95 பேருக்கு "உண்டு" என வரும். நோயற்ற 9,900 பேரில் 198 பேருக்குத் தவறாக "உண்டு" என வரும். அதாவது, "உண்டு" என்று வந்தவர்களில் மூவரில் ஒருவரே நோயாளி. தெற்கே நோயாளிகள் 10 பேரே. தவறாக வருபவர்களோ ஏறக்குறைய 200 பேர்! இருபதில் ஒருவர்கூட நோயாளி இல்லை. சோதனை மாறவில்லை, சோதிக்கப்படும் மக்களே மாறினார்கள்.

அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் "உண்டு" என வந்தவர்களை இரண்டாவது எலிசா சோதனையாலும் பரிசோதித்தனர். மருத்துவர்களும் எல்லாரையும் சோதிப்பதில்லை. அறிகுறி உள்ளவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். தேவைப்பட்டால் உள்நோக்கிக் குழாய் செலுத்திக் குடல் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்க வேண்டும். நம் இட்லியும் இடியாப்பமும் அவர்களுக்குத் துணை. ஆனால் சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். அதையும் பார்த்தே வாங்க வேண்டும். இத்தனை பெரிய முடிவை ஒற்றைத் தாளில் அச்சான ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் எடுக்கலாமா? இரவில் சப்பாத்தி உண்ணும் வழக்கம் நம் வீடுகளிலும் பரவிவிட்ட இந்நாளில், எண்ணின் பொருளை அறிந்துகொள்வது நம் எல்லாருக்கும் பயன் தரும்.