காலைக் காட்டும் முன் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்

குன்னூரில் நாய்க்கடி ஊசியைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இங்கேதான் இருக்கிறது. என் அக்காவும் குன்னூர்க்காரர். பெருங்குடல் அழற்சிக்காக அசதயோபிரின் சாப்பிட்டு வருகிறார். எஸ்டேட் லயனுக்குப் போகும் வழியில் ஒரு நாய் அவர் கெண்டைக்காலைப் பிறாண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை, வெள்ளைக் கோடாக ஒரு கீறல், அவ்வளவுதான்.

குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார். மருத்துவமனையில் காலைக் காட்டும் முன்பே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். சிகிச்சையே மாறியது. ரத்தம் வராத கீறலுக்குப் பொதுவாகத் தடுப்பூசி மட்டும் போதும். அசதயோபிரின் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஊசி போட்டாலும் உடல் போதிய அளவு எதிர்ப்பொருளை உருவாக்காமல் போகலாம். அதனால் கீறலைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தடுப்பூசியில் ஒரு தவணைகூட விடக் கூடாது.

பெருங்குடல் அழற்சிக்கு மெசலமைன் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அக்கி விஷயம் வேறு. சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் பல்லாண்டுகள் பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது மேலே வருவதுதான் அக்கி. ஸ்டீராய்டு, அசதயோபிரின், டோஃபாசிடினிப் எடுப்பவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், மறுநாள் கொப்புளம். ஊர் வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுதப் போவார்கள். எழுதட்டும், நம்பிக்கையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். காவி காயட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகளைத் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். ஈரலில் அடங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடலாம், மூக்கில் விடும் உயிருள்ள வகை மட்டும் வேண்டாம். சின்னம்மை, தட்டம்மை ஊசிகளும் உயிருள்ளவை. தேவைப்பட்டால் சிகிச்சை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுத்தும் ரத்தக் கழிச்சல் அடங்கவில்லை என்றால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி மருந்தளவை மட்டும் ஏற்றக் கூடாது. சைட்டோமெகலோ வைரஸ் குடலில் குடியேறியிருக்கலாம். குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு கான்சைக்ளோவிர் என்ற மருந்தும் உண்டு. மலையில் அந்த வசதி இல்லாவிட்டால் கோவைக்கு இறங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.