அளவை: எதை வைத்து முடிவு செய்கிறோம்?

சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு 'அளவை' என்ற சொல் பழக்கம்தான். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் சுபக்கத்தில், மற்ற விஷயங்களுக்குப் போகும் முன்பே அளவை வந்துவிடுகிறது. ஒன்றை அறியும் வழிகள் பத்து என்று சொல்வோர் உண்டு. அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். நேரில் பார்ப்பது, பார்த்ததை வைத்து ஊகிப்பது, நம்பத்தகுந்தவர் சொல்லைக் கேட்பது. அறிவதற்கு அளவை என்று பெயர் வைத்தது, பொறியியல் படிக்கும் எனக்கு ரொம்பப் பிடித்தது.

காண்டலிலும் குறை வரும். இருட்டோடு பால் வெட்டப் போன நம்ம பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்க. தூரத்தில் நிற்பது கட்டையா, மனுஷனா என்று தடுமாறினால் அது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு கட்டி ஓடினால் திரிவு. ஐயம் பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்க வைக்கும். திரிவில் சந்தேகமே வராது.

எறும்புக்கும் இதே கதைதான். சஹாரா பாலைவன எறும்பு, இரை தேடிப் போன தூரத்தைக் காலடிக் கணக்கில் அளக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இரை கிடைத்த இடத்தில் சில எறும்புகளின் காலில் பன்றி முடியை ஒட்டி உயரமாக்கினார்கள். கூடு 10 மீட்டரில். அவையோ சுமார் 15 மீட்டர் போய்த்தான் கூட்டைத் தேடின! கால் குட்டையாக்கப்பட்டவை 6 மீட்டருக்குள்ளேயே தேட ஆரம்பித்தன. கணக்கு சரி, அளவுகோல்தான் மாறிவிட்டது.

தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலந்திருக்கா என்று கண்ணை நம்பி முடிவு செய்வதில்லை. மெட்ரோலாக் மிதக்கவிட்டுப் பார்ப்பாங்க. கெட்டிப் பாலில் அது ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். மனுஷனை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை.

எங்க ஊர் தஞ்சோங் ரம்புத்தான். சொன்னதுமே சிரிப்பாங்க. 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா மருத்துவமனை, இங்கே இருப்பதுதான் காரணம். சிரிப்பவர்களில் பலர் அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அப்போ இது காண்டல் இல்லை. கருதலும் இல்லை, ஊகிக்க ஆதாரம் வேண்டுமே. உரையா? சித்தியார் சொல்லும் உரை கேண்டீன் ஜோக் கிடையாது.

என்னோடு படிக்கும் ஒருவன் பல வாரம் தூக்கமில்லாமல் தவித்தான். டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "போனா தஞ்சோங் ரம்புத்தான்னு பேர் வச்சிருவாங்கடா" என்றான். அவன் அதை என்னிடமே சொன்னான், பாருங்க. ஒரு செமஸ்டர் முழுக்கப் போகவில்லை.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. இந்த வாரம் யாரைப் பற்றியாவது நீங்க சொன்ன ஒரு கருத்தை எழுதி, அது காண்டலா, கருதலா, உரையா என்று பக்கத்தில் குறித்து வாங்க.