நெருப்புக்கு ஸ்கேல் தெரியாது

மாடல் கார், மாடல் ரயில், நீராவி இன்ஜின் பிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

*கேள்வி: திருவிழாக் கடையில் பேரனுக்கு ஒரு தகரப் படகு வாங்கினேன். உள்ளே சின்ன விளக்கை ஏற்றி வைத்தால் ‘டக டக’வென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வருகிறது. குனிந்து பார்த்தால் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இதையும் நீராவி இன்ஜின் என்று சொல்லலாமா?*
– வாசகர், மதுரை

தாராளமாகச் சொல்லலாம். தீ இருக்கிறது, கொதிகலன் இருக்கிறது, ஆவி வேலை செய்கிறது. வேறென்ன வேண்டும்? தாமஸ் பியோ என்பவர் 1891-லேயே இதற்கு பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். இது எப்படி ஓடுகிறது என்று கேட்டால் பொறியியல் படித்தவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள்.

படகின் நடுவில், மேல்பக்கம் மெல்லிய தகடு மூடிய ஒரு சின்ன டப்பா இருக்கும். அதுதான் கொதிகலன். அதிலிருந்து இரண்டு குழாய்கள் பின்பக்கமாகப் போய் நீருக்கடியில் திறந்திருக்கும். விளக்கின் சூட்டில் டப்பாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி, குழாயிலுள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. தள்ளிய வேகத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே வெளியேறிவிடும். குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்த ஆவி சுருங்கி மறுபடி நீராகிறது. உள்ளே அழுத்தம் விழுகிறது, வெளித் தண்ணீர் திரும்ப ஏறுகிறது. இது விநாடிக்குப் பல தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மேல் தகடு உப்பி அமுங்குவதுதான் அந்த டக டக.

தள்ளும்போது முன்னே போகிற படகு, இழுக்கும்போது ஏன் பின்னே வருவதில்லை? எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். பிறகு அதே தூரத்தில் இருந்துகொண்டு காற்றை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள், அணையாது. ஊதிய காற்று ஒரே திசையில் பாய்கிறது, இழுக்கும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. குழாய் வாயில் தண்ணீருக்கும் அதே கதைதான்.

விளக்கேற்றும் முன் ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றி, மறு குழாயில் வழியும்வரை நிரப்பச் சொல்லுங்கள். ஈயப்பற்று 190 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகரம் அந்தச் சூட்டுக்குப் போகாது. காலி டப்பாவைச் சூடாக்கினால் அன்றோடு படகு முடிந்தது.

*கேள்வி: பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஒரு நீராவி இன்ஜின் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?*
– வாசகர், கோவை

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பலர் முதலில் ஒரு லேத் வாங்கத்தான் பணம் சேர்க்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வார்ப்படத்துக்கும் கோவையில் அலைய வேண்டியதில்லை.

ஆடும் சிலிண்டர் இன்ஜினில் தொடங்குங்கள். இதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு பின்னில் மாட்டிக்கொண்டு ஊசலாடும். அதன் தட்டை முகத்தில் ஒரு துளை இருக்கும். அது ஒட்டி நிற்கும் தூணில் இரண்டு துளைகள், ஆவி வர ஒன்று, போக ஒன்று. கிராங்க் சுற்றச் சுற்ற, சிலிண்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் வரும் துளையோடும், மறுபக்கம் சாய்ந்தால் போகும் துளையோடும் பொருந்திக்கொள்ளும். பித்தளையோ கன்மெட்டலோ போதும். போர் 10 மி.மீ., ஸ்ட்ரோக் 16 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கைக்கு அடங்கும். இரண்டு முகங்களும் சமதளமாக இருப்பதில்தான் சூட்சுமம். தடித்த கண்ணாடிமேல் நைஸ் எமரித் தாளை விரித்துத் தேய்த்தெடுங்கள். முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றை 1 பாரில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். காற்றில் ஓடாத இன்ஜின் ஆவியிலும் ஓடாது.

இனி கொதிகலன். இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. இன்ஜின் தப்பானால் ஓடாது, அவ்வளவுதான். கொதிகலன் தப்பானால் ஆளுக்குக் காயம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். மாடல் சிறியது என்பதால் அந்தக் கணக்கு சிறியதாகிவிடாது. செம்புக் குழாய், செம்புத் தகடு, எல்லா இணைப்பும் சில்வர் பிரேஸிங் என்று வையுங்கள். 600 டிகிரிக்கு மேல்தான் அது இளகும். ஈயப்பற்று இந்தப் பக்கமே வரக்கூடாது. சேஃப்டி வால்வும் பிரஷர் கேஜும் கட்டாயம். முதல் தீ மூட்டும் முன், குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஏற்றிப் பாருங்கள். காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது. அமுங்கிய காற்று வெடித்தால் தகடு பறக்கும். தண்ணீர் அமுங்காது, ஆகவே இணைப்பு விட்டால் ஒழுகுவதோடு சரி.

25 லிட்டருக்குக் குறைந்த கொதிகலனை நம் நாட்டுக் கொதிகலன் சட்டம் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. இன்ஸ்பெக்டர் வரமாட்டார், ஆகவே அவர் வேலையையும் நீங்களே பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் உங்களுக்குப் பிடிக்கும். மாடல் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு கூடிக்கொண்டே போகும். பத்தில் ஒரு பங்கு மாடலில் ஒவ்வொரு லிட்டரும் பத்து மடங்கு பரப்பு வழியே சூட்டை இழக்கிறது. அதனால்தான் 1920-களில் இங்கிலாந்து நிபுணர்கள் பலர், குட்டி இன்ஜினில் நிலக்கரி போட்டு உருப்படியாக எதையும் இழுக்க முடியாது என்றார்கள். எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் ‘மாடல் இன்ஜினியர்’ பத்திரிகையில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ் அதை ஒப்பவில்லை. தண்டவாள அகலம் இரண்டரை அங்குலமே உள்ள தன் இன்ஜின், கரி தின்று ஆளையே இழுக்கும் என்று செய்து காட்டினார். ‘கொதிகலன் போர்’ என்றே அந்தச் சண்டைக்குப் பெயர் விழுந்தது. அவர் தரப்பு ஜெயித்ததால்தான் இன்றைக்கும் பூங்காக்களில் பெரியவர்கள் முட்டி மடக்கி உட்கார்ந்து குட்டி ரயிலில் போகிறார்கள்.

*கேள்வி: 9 வயது மகன் நிஜமாகவே ஆவியில் ஓடும் இன்ஜின் பொம்மை கேட்கிறான். வாங்கித் தரலாமா?*
– வாசகி, திருநெல்வேலி

தரலாம், ஆனால் அது அவனுடையது என்று சொல்லித் தராதீர்கள், வீட்டினுடையது. பிரஷர் குக்கரை எப்படிப் பிள்ளையிடம் தனியாக விடமாட்டீர்களோ, அப்படி. ஜெர்மனியின் லூடன்ஷைட் ஊரிலிருந்து வரும் வில்லெஸ்கோ நிறுவன இன்ஜின்களில் மின்சாரத்தில் சூடாகும் வகையும் உண்டு. தீ வேண்டாம் என்றால் அது. கொதிகலன் அதிலும் சுடும் என்பதை மறக்க வேண்டாம்.

*கேள்வி: காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பச்சை உடலும் சிவப்புச் சக்கரமும் கொண்ட ஒரு நீராவி டிராக்டர் கிடைத்தது. ‘மாமோட்’ என்று எழுதியிருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா, அலமாரியில் வைத்துவிடலாமா?*
– வாசகர், தேவகோட்டை

அலமாரியில் வைக்கத்தான் உலகில் எவ்வளவோ பொருள் இருக்கிறதே! ஓட்டுங்கள்.

மாமோட், ஜெஃப்ரி மாலின்ஸ் 1937-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனம். உங்கள் கையிலிருப்பது 1960-களிலிருந்து அவர்கள் செய்துவரும் டிராக்ஷன் இன்ஜின். கொதிகலனுக்கு அடியில் திரி வைத்த ஸ்பிரிட் விளக்கு இருந்தால் பழைய வகை. தட்டையான தட்டு இருந்தால் 1970-களின் பிற்பகுதியிலோ அதற்கு அப்புறமோ வந்தது, வில்லை எரிபொருளுக்கானது. ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, சிந்தினால் எங்கே எரிகிறது என்று தேட வேண்டியிருக்கும். வில்லை புகைந்தால் கண் எரியும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெட்ரோல், தின்னர், சூடம் மூன்றும் கூடாது.

முதலில் சேஃப்டி வால்வைக் கழற்றி, ஸ்பிரிங் அழுத்தினால் அசைகிறதா பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த வால்வு இறுகிப்போயிருக்கும். அப்படியானால் புதிது மாற்றாமல் தீ மூட்டாதீர்கள். செட்டிநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கியே ஊற்றினால் எரிபொருள் மிச்சம். தையல் மெஷின் எண்ணெய் ஈர ஆவியில் கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டீம் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள், கெட்டியாக இருக்கும். எரிபொருள் தீரும் முன் தண்ணீர் தீரக்கூடாது என்பதே ஓட்டுபவரின் முதல் விதி.

பெயின்ட் உரிந்திருந்தால் விடுங்கள். புதிதாகப் பூசினால் சேகரிப்பவர்கள் பாதி விலைகூடச் சொல்லமாட்டார்கள்.

*கேள்வி: அப்பாவின் பெட்டியில் டிங்கி கார் மாதிரியே ஒன்று. அடியில் ‘நிக்கி டாய்ஸ்’ என்று இருக்கிறது. போலியா? இன்னொரு பழைய காரின் உலோகம் வெடித்து வெடித்துப் பொடிகிறதே, அது ஏன்?*
– வாசகர், சேலம்

நிக்கி போலியில்லை. லிவர்பூலில் டிங்கி தயாரித்தவர்கள் 1960-களின் பிற்பகுதியில் பழைய அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு விற்றார்கள். அவற்றில் வார்த்தது இது. உடல் அதே டிங்கி, அடித்தட்டில்தான் பெயர் மாறியிருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டி இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பொடிகிற காருக்கு மருந்து இல்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து உப்பும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புகளில் இது அதிகம். பக்கத்துக் காருக்குத் தொற்றாது. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வைத்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம்.

*கேள்வி: நீலகிரி மலை ரயிலை மாடலாக வீட்டில் அமைக்க விரும்புகிறேன். எந்த ஸ்கேல் சரி? கடையில் கிடைக்கும் இன்ஜின்கள் பல்சக்கரப் பாதை ஏறுமா?*
– வாசகர், குன்னூர்

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நம் அகல ரயில் பாதையை மாடலாக்க நினைப்பவர்கள் பாவம். எச்.ஓ. ஸ்கேலில், அதாவது 87-ல் ஒரு பங்கில், 1,676 மி.மீ. பாதைக்கு 19 மி.மீ.க்கு மேல் அகலம் வேண்டும். கடையில் கிடைப்பதோ ஐரோப்பியப் பாதைக்கான 16.5 மி.மீ. தண்டவாளம். இன்ஜின் ஒல்லிக் கால்களில் நிற்பதுபோல் தெரியும். நீலகிரி மீட்டர் கேஜ். எல்ஜிபி என்ற ஜெர்மன் நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த 45 மி.மீ. தண்டவாளத்தை, அவர்களுடைய 22.5-ல் ஒரு பங்கு ஸ்கேலால் பெருக்கிப் பாருங்கள்: 1,012 மி.மீ. கிட்டத்தட்ட அச்சு அசல். வெளியில் போடுவதற்கென்றே செய்த தண்டவாளம் என்பதால் குன்னூர் மழையையும் தாங்கும். வீட்டுக்குள்தான் வேண்டும் என்றால் எச்.ஓ.-வின் மீட்டர் கேஜ் வகை, 12 மி.மீ.

முழுப் பாதையையும் அமைக்க நினைக்காதீர்கள். 46 கி.மீ. என்பது தோட்ட ஸ்கேலில் 2 கி.மீ.க்கு மேல், எச்.ஓ.-விலேயே 500 மீட்டர் தாண்டும். ஹில்குரோவ் நிலையம் மட்டும், அல்லது கல்லாறு பாலத்திலிருந்து மலை தொடங்கும் இடம் மட்டும் என்று ஒரு துண்டை எடுங்கள். ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. மூன்று மீட்டர் பலகைக்கு 25 செ.மீ. உயரும். சாதாரண மாடல் ரயில் இதில் வழுக்கும். ஆகவே பல்சக்கரம் அலங்காரத்துக்கு அல்ல, நிஜமாகவே தேவை. எல்ஜிபி-யில் பல் தண்டவாளம் கிடைக்கிறது. ஆனால் நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை: இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி. அதைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகுப்பு இன்ஜினும் கடையில் கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தது. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்று. ஆவி முதலில் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும் சிலிண்டருக்குப் போகும். மலை ஏறும்போது அங்கே பாதி வேலை செய்த ஆவியே அடுத்து பல்சக்கரத்தை ஓட்டும் சிலிண்டருக்கு வரும். மாடலில் இந்த இரட்டை வேலையை ஆவியிலேயே செய்ய முயலாதீர்கள். உள்ளே மின் மோட்டார் வைத்து, வெளியே நான்கு சிலிண்டர்களின் கம்பிகளும் அசைந்தால் போதும். மலை ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். இதை மறந்து இன்ஜினை முன்னால் மாட்டினால் குன்னூர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள். வேகமும் முக்கியம்: நிஜ ரயில் மணிக்கு 10 கி.மீ. வாக்கில் போனால், தோட்ட மாடல் விநாடிக்கு 12 செ.மீ. நகர வேண்டும். பொம்மை ரயில்கள் பாதி அழகை இழப்பது வேகத்தால்தான்.

*கேள்வி: நிஜ இன்ஜின்களை அருகில் பார்த்து அளவெடுக்க எங்கே போகலாம்?*
– கல்லூரி மாணவர், ஈரோடு

பெரம்பூரில் சென்னை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, திருச்சியிலும் ஒன்று. மாடல்களுக்கென்றே பார்க்க வேண்டுமானால் புனேயில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம், 1998 முதல். ஆனால் நிறுத்தி வைத்த இன்ஜின் ஆறிப்போனது. ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரம்! அங்கிருந்து கிளம்பும் நீலகிரி ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் புதிய எக்ஸ் இன்ஜின்களைக் கட்டியிருக்கிறார்கள், 2021-ல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. காலை வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். ஆவி ஏற்றுவதையும் எண்ணெய் விடுவதையும் நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். ஷெட்டுக்குள் போக முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். படம் எடுக்கும்போது சட்டகத்தில் ஓர் அளவுகோலும் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வரைபடம் போட அதுதான் உதவும்.