நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன்

நீலகிரியை நாடிச் செல்வோர் மலர்த் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டங்களையும் தொட்டபெட்டாச் சிகரத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அம்மலையின் மேற்பாகத்து ஓடைகளில் அன்னிய நாட்டு மீனொன்று ஒரு நூற்றாண்டிற்கு மேலாகக் குடியேறி வாழ்ந்து வருவதை அறிந்தோர் சிலரே. அது டிரவுட் எனப்படும். குளிர்நாட்டு மீன் ஒன்று உஷ்ண நாட்டில் எங்ஙனம் உயிர் தரித்திருக்கின்றது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நீலகிரியில் நிலைத்துள்ளது வானவில் டிரவுட் என்னும் இனம். உடலின் இருமருங்கும் ஓடும் செந்நிறப் பட்டையால் இப்பெயர் பெற்றது. இதன் தாயகம் வட அமெரிக்காவின் மேலைக் கரையும், அதற்கெதிரே ஆசியாவிலுள்ள கம்சட்காவும் ஆகும். அங்கே இம்மீன்களிற் சில ஆற்றிலேயே வாழ்ந்து முடியும். சில கடலுக்குச் சென்று பருத்து, முட்டையிடுதற்கு மீண்டும் ஆற்றை நாடும். கடல் சென்று மீள்வதை ஸ்டீல்ஹெட் என்பர். குளிர்காலத்தில் இவை கரையோரமாக வந்து ஆற்றில் ஏறுங்கால், தூண்டிற்காரர் கழிமுகங்களிற் காத்து நிற்பர். ஆற்றில் வாழுங்கால் உடலுட் புகும் மிகை நீரை இம்மீன் சிறுநீராக வெளியேற்றும். கடலிலோ உப்பு நீரைப் பருகி, மிகை உப்பைச் செவுள்களின் வழியே கழிக்கும். ஆகவே உப்பு இதற்குப் பகையன்று, உஷ்ணமே பகை.

இவ்வுண்மையை முதலில் அனுபவத்தால் அறிந்தவர், இந்திய மீன்களைப் பற்றிய பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர். 1860களில் அவர் நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொணர முயன்றார்; அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் இங்கு வேரூன்றியது அக்காலந்தொட்டேயாம்.

இனி உஷ்ணத்தின் காரியத்தைக் காண்போம். மீன் சுவாசிப்பது நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை. கடல்மட்டத்தில் 10 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். உதகையோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் முக்காற்பங்களவே ஆதலின், கரையும் வாயுவும் அவ்வளவிற்குக் குறையும். எனவே அங்கு நீர் தண்ணென்றிருப்பதோடு, பாறைகளில் மோதிக் காற்றுடன் கலந்தோடுவதும் இன்றியமையாதது. டிரவுட்டிற்கு ஏற்ற உஷ்ணம் 10 முதல் 18 டிகிரி வரை. 25 டிகிரியை எட்டின் அதன் உயிருக்கே ஆபத்தாம்.

குளிர்காலமே இதன் இனப்பெருக்கக் காலம். பொரிப்பகத்தில் பெண்மீனின் வயிற்றை மெல்லத் தடவி முட்டைகளைக் கலத்திற் சேர்த்து, ஆண்மீனின் விந்தை அவற்றுடன் கலப்பர். 10 டிகிரி நீரில் அவை பொரிக்க ஒரு மாதம் செல்லும். முட்டையினுள் குஞ்சின் கண்கள் கரும்புள்ளிகளாய்த் தோன்றும் வரை அவற்றை அசைத்தலாகாது. தோன்றிய பின்னரோ ஈரப்பாசியில் வைத்துத் தொலைதூரமும் அனுப்பலாம்.

தூண்டிலிடுவதற்கும் இம்மீனின் இயல்பை அறிதல் வேண்டும். அது நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வும். ஆதலின் கற்றோர் கீழ்ப்புறமிருந்து ஓசையின்றி அணுகி, இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை மேற்புறத்தில் மெல்ல இடுவர். உறைபனி படிந்த காலையில் மீன் மடுவின் அடியில் மந்தமாய்க் கிடக்கும். வெயிலேறிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கிய பின்னரே மேலே வரும். அனுமதியின்றி மீன் பிடித்தல் முறையன்று என்பதையும் மாணவர் நினைவிற் கொள்க.

அவலாஞ்சி நீர் குந்தாவில் கலந்து, பவானியாகிக் காவிரியை அடைந்து கடல் சேரும். நீருக்குத் திறந்துள்ள அவ்வழி மீனுக்கு அடைபட்டதே. இடையிலுள்ள அருவிகளும் அணைகளும் இல்லாதொழியினும், சமவெளியின் வெந்நீர் அதற்குக் கடக்கவொண்ணாத மதிலாகும். ஓடை வெம்மையுற்றால் மேல்நோக்கி ஏறுவதே அதற்குள்ள புகலிடம். மலைக்கோ ஒரு முடிவு உண்டு.

அம்மலைநீரைத் தண்ணென்று காப்பவை சோலைக் காடுகளும் புல்வெளிகளுமாம். அவை மழையை உட்கொண்டு கோடையிலும் சிறிது சிறிதாக விடுகின்றன. சோலையின் நிழல் வெயிலைத் தடுக்கின்றது. 19ஆம் நூற்றாண்டு முதல் சீகை மரமும், கற்பூர மரமென வழங்கும் யூகலிப்டஸும் இவற்றின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. உலகின் உஷ்ணமும் இக்காலத்தில் உயர்ந்து வருகின்றது.

டிரவுட் இங்கு விருந்தாளியே என்பதை மறைத்தல் வேண்டா. பூச்சிகளையும் சிறுமீன்களையும் தலைப்பிரட்டைகளையும் அது உண்ணுமாதலால், அது வாழாத ஓடைகளில் அதனைப் புதிதாக விடுதல் தகாது. எனினும் வந்த விருந்தாளி நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. ஓடை வெதும்பினால் அதனை முதலில் உணர்வது இம்மீனே. பின்னர் உணர்வோர், அந்நீரையே நம்பிப் பவானிக் கரையில் உழுதுண்டு வாழும் மக்கள். சோலையைக் காப்பவர் மீனை மட்டுமன்று, அம்மக்களின் வயலையும் காக்கின்றனர்.