பீரோவும் நாட்காட்டியும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பீரோவைத் திறந்தால் புடவை சரிந்து விழுகிறது, ஆனால் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கட்டிப்போக ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

புடவைகளை எண்ணுவதற்கு முன் நாட்காட்டியை எடுங்கள். போன வருடம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனீர்கள்? 200-க்கு மேல் இருக்கும். பட்டு கட்டிய நாள்? கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்தாலும் பதினைந்தைத் தாண்டாது. அந்தப் பதினைந்து நாள் உங்கள் பீரோவில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காரைக்குடிப் பக்கம் என் பெரியம்மா கண்டாங்கிதான் கட்டுவார். கனத்த பருத்தி, கட்டம், அகலக் கரை. பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் முன்னால் கால் தடுக்காது. குனியலாம், குடம் தூக்கலாம். தஞ்சைப் பக்கம் வயலில் இறங்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் பழைய ஆண் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். வெயிலும் நெல் தாளும் கையைப் பதம் பார்க்காமல் இருக்க அந்த முழுக்கை போதும். தலையில் கட்டிய துண்டே பிறகு சும்மாடாகும். அவர்களுக்கு உடையைத் தேர்ந்து கொடுத்தது வேலை. நீங்களும் வேலையையே கேளுங்கள்.

பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா? கரும்பலகையின் மேல்வரி வரை கை எட்டுகிறதா? சாக்பீஸ் தூள் தட்டினால் போய்விடுகிறதா? கார்த்திகை மழையில் துவைத்தாலும் மறுநாளைக்குள் காய்கிறதா? இவற்றுக்கு ஈடுகொடுக்கும் ஆறு புடவைகள் போதும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய நேரமில்லையென்றால் கலப்புப் பருத்தி எடுப்பதில் குற்றமில்லை. சுடிதார் தைப்பதானாலும் இதே அளவுகோல்தான். மறக்காமல் பக்கவாட்டில் பை வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல புடவைகள் தூங்குவதற்குக் காரணம் புடவை அல்ல, ரவிக்கை. இரண்டு வருடத்தில் இறுகிவிடுகிறது, புடவையும் உள்ளே போய்விடுகிறது. கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள் என்று எதற்கும் சேரும் மூன்று நிறங்களில் தைத்துக்கொள்ளுங்கள். பிரித்துவிட இடம் இருக்கும்படி உள்தையலில் துணி விடச் சொல்லுங்கள்.

கட்டாத புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஆனால் அம்மாவின் பட்டைக் கொடுக்க மனம் வரவில்லை என்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே ஜரிகை விட்டுப்போகும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

நாத்தனார் எடுத்துக்கொடுத்த புடவையை எப்படிக் கொடுத்துவிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டிக்கொள்ளத்தானே அவர் கொடுத்தார்? வேறொருத்தி கட்டினாலும் அந்த அன்பு வீணாகாது. ஆனால் கிழிந்ததைக் கொடுக்காதீர்கள். நைந்த பருத்திப் புடவை குழந்தைக்குத் தூளியாகட்டும், அதற்கும் ஆகாதது கரித்துணியாகட்டும். வருகிற தீபாவளிக்குச் சொந்தங்களிடம், "பள்ளிக்குக் கட்டிப்போகிற மாதிரி பருத்தியாக எடுங்கள்" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பீரோ நிரம்புவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் எனக்கு எழுதுங்கள். பேருந்துப் படியில் ஏறும்போது ஒரு கை கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, இல்லை, இரண்டு கையும் உங்களுக்கே இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்