வீட்டு விலங்குகளும் தெள்ளுப்பூச்சியும்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, ஆத்தூர் வட்டத்தில், பழனிமலைத் தொடருக்குக் கீழே விரிந்த சமவெளியில் அமைந்துள்ளது சித்தையன்கோட்டை. வயல்கள் சூழ்ந்த ஊர் அது. நெல் விளையும் ஊரில் எலி இருக்கும். எலி இருக்கும் ஊரில் பூனையும் இருக்கும். களத்தையும் தோட்டத்தையும் காக்க நாயும் வேண்டும். ஆகவே இத்தகைய ஊர்களில் நாயும் பூனையும் வெறும் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படுவன அல்ல. அவையும் குடும்பத்துக்கு உழைப்பவையே.

இவ்வூரில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். நெல்மூட்டைகள் அடுக்கிய அறையில் பூனை மூன்று குட்டிகளை ஈன்றிருக்கிறது. ஒரு மாதம் சென்றபின் அவற்றுள் ஒன்று பால் குடியாமல் சுருண்டு கிடக்கிறது. அதன் ஈறு வெளுத்திருக்கிறது. திண்ணையிலுள்ள நாய் இரவெல்லாம் உறங்காமல் சொறிகிறது. வீட்டுச் சிறுமியின் கணுக்காலிலும் சிவந்த தடிப்புகள் தோன்றியுள்ளன. “இந்தப் பூனையைச் சாக்கில் கட்டிச் செம்பட்டிச் சாலையில் விட்டுவிட்டு வாடா” என்கிறார் சிறுமியின் அப்பத்தா. அவர் மகனோ, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் பொடியைக் கையில் எடுக்கிறார். இருவரும் தீங்கு எண்ணியவர் அல்லர். ஆயினும் முதல் வழியால் தெள்ளு ஒழியாது; இரண்டாம் வழியால் குட்டிகள் ஒழியும்.

தெள்ளு வேறு, உண்ணி வேறு. உண்ணி சிலந்தியின் இனத்தைச் சார்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். உடலில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு குருதியை உண்டு பருப்பதால் ‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயரை அது பெற்றது. தெள்ளுக்கு ஆறு கால்கள். இறகில்லை. உடல் இருபுறமும் அழுத்தப்பட்டதுபோல் தட்டையாக இருப்பதால் மயிர்களினூடே விரைந்து ஓடும். பின்னங்கால்களால் தன் உடல் நீளத்தைப்போல் பன்மடங்கு தொலைவு தாவும். நாயைக் கடிப்பது நாய்த்தெள்ளு என்றும் பூனையைக் கடிப்பது பூனைத்தெள்ளு என்றும் பெயரைக்கொண்டு மயங்குதல் வேண்டா. நம் நாட்டு நாய்களின் உடலிலும் பெரும்பாலும் வாழ்வது பூனைத்தெள்ளே.

நாயை ஒரு வெள்ளைத் துணியின்மேல் நிறுத்திச் சீப்பினால் சீவினால் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் உதிரும். அத்துணியை நனைத்தால் புள்ளிகளைச் சுற்றிச் செந்நிறம் பரவும். அது தெள்ளு உண்டு கழித்த குருதியாகும். மண்ணாயின் சிவவாது.

இனி, பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. விலங்கின் உடலில் நாம் காணும் தெள்ளு, வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. பெண்தெள்ளு ஒரு நாளில் 40 அல்லது 50 முட்டைகள்வரை இடக்கூடும். முட்டைகள் மயிரில் ஒட்டுவதில்லை. நாய் படுக்கும் இடமெல்லாம் உப்புத்தூள்போல் உதிர்கின்றன. சில நாள்களில் அவற்றிலிருந்து புழுக்கள் வெளிப்பட்டு, ஒளிக்கு அஞ்சித் தரைவெடிப்பிலும் சாக்கின் மடிப்பிலும் புகுந்துகொள்கின்றன. தாய்த்தெள்ளின் கழிவாக உதிர்ந்த குருதித்துகளே அவற்றின் உணவு. பின்னர் ஒவ்வொரு புழுவும் பட்டுப்புழுவைப்போல் ஒரு கூடு பின்னி அதனுள் அடங்குகிறது. தூசி படிந்த அக்கூட்டினுள் மருந்து எளிதிற் செல்லாது. உரிய காலம் வரும்வரை சில மாதங்கள்கூட அது காத்திருக்கும். காலடி அதிர்ச்சியும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் தெரிந்தவுடன் கூட்டைக் கிழித்துக்கொண்டு தாவும். நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்தவரைத் தெள்ளுகள் மொய்த்துக்கொள்வது இதனாலேயே.

அப்பத்தா கூறியபடி பூனையை அகற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளுகள் பூனையைக் காணாமல் மனிதரைத் தேடியிருக்கும். இவ்வியல்பு உலகுக்குப் பேருண்மை ஒன்றையும் காட்டியது. 1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் தோன்றிப் பல்லாயிரவரை மாய்த்தது. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயுற்ற எலி ஒன்றைத் தெள்ளுகளோடு ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டார். அது இறக்கும் தறுவாயில், நலமுள்ள எலி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து அதே சாடிக்குள் வைத்தார். எலிகள் ஒன்றையொன்று தொட இயலாது. தெள்ளு தாவ இயலும். நலமுள்ள எலியும் பிளேக்கினால் மாண்டது. அவர் கூற்றை அந்நாளில் ஏற்றவர் சிலரே. சில ஆண்டுகளுக்குப்பின் இந்தியாவில் நடந்த ஆய்வுகளே அதனை உறுதிசெய்தன. எலித்தெள்ளு வேறு இனம். நாய் பூனைகளின் தெள்ளைக் கண்டு பிளேக் என்று அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் இத்தெள்ளை விழுங்கும் நாய்க்கும் பூனைக்கும் நாடாப்புழு உண்டாகும். குருதி உறிஞ்சப்பட்ட இளங்குட்டி சோகையால் இறக்கவும் கூடும்.

பொடியைக் கையில் எடுத்த தந்தையைச் சிறுமி தடுத்தாள். தந்தை குட்டியைத் துணியில் பொதிந்துகொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சென்றார். மருத்துவர் சோகைக்கு வேண்டியவற்றைச் செய்தபின், “இந்த வயதில் தெள்ளுமருந்து வேண்டா, பேன்சீப்பு போதும். மருந்து உங்கள் நாய்க்கு” என்று கூறி, நாயின் எடையைக் கேட்டுச் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்தார்.

“அதிலேயே பாதியைத் தாய்ப்பூனைக்கு இடலாமா, ஐயா? செலவு மிச்சமாகுமே.”

“கூடவே கூடாது. நாய்க்குரிய மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதனை முறிக்கும் ஆற்றல் இல்லை. நடுக்கம் கண்டு இறந்துவிடும். பூனைக்கென்று உள்ளதையே இடவேண்டும்.”

ஈரலின் இக்குறைபாட்டினாலேயே தரையில் பினாயில் ஊற்றிய வீட்டில் பூனைக்குக் கேடு வருகிறது. அது ஈரத்தரையில் நடந்து, பின்னர்த் தன் பாதத்தை நக்கும். கார்பாலிக் சவர்க்காரமும் பாச்சை உருண்டையும் அவ்வாறே தீயன. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். வேப்பெண்ணெய் நம்மவர் மிகவும் போற்றுவது; பூனையின்மேல் அதைக் கெட்டியாகப் பூசுதல் நன்றன்று. பூனை தன் உடல் முழுவதையும் நாவினால் தூய்மை செய்வது என்பதை மறந்தவரே அவ்வாறு செய்வர்.

காசு மிகுதியாகச் செல்லாத வேலை வீட்டில்தான் தொடங்கியது. நாயை நீராட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி மென்மையான சவர்க்கார நுரையை வளையமாகப் பூசினர். உடல் நனைந்தவுடன் தலைக்கு ஓடும் தெள்ளுகளை அது தடுக்கும். சிறிது நேரம் சென்றபின் நுரை முழுவதையும் கழுவித் துடைத்தனர். குட்டிகளை நீராட்டவில்லை. அவற்றைச் சிறுமி நாள்தோறும் பேன்சீப்பால் சீவி, அகப்பட்ட தெள்ளுகளைச் சவர்க்கார நீர்க் கிண்ணத்தில் தட்டினாள். வெறும் நீரில் தெள்ளு எளிதில் அமிழாது. சவர்க்காரம் கலந்தால் அமிழ்ந்துவிடும். (குருளை என்று நாயின் இளமையையும், குட்டி என்று வெருகின் இளமையையும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் கூறும். இக்காலத்தில் இரண்டும் குட்டியே.)

நாயும் பூனையும் படுத்த சாக்குகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினர். திண்டுக்கல் சமவெளியின் வெயில் இதற்கு வாய்த்த மருந்து. ஈரப்பசை குன்றிய சூட்டில் தெள்ளுப்புழு பிழைப்பதில்லை. நெல்மூட்டைகளை நகர்த்தி, சுவரோரத்தையும் தரைவெடிப்பையும் கூட்டினர். கூட்டிய குப்பையை வாசலில் கொட்டாமல் சவர்க்கார நீரில் இட்டனர். வெடிப்புகளை அடைத்தனர். நெல் இருக்கும் அறையாதலால் அங்கே எந்த நஞ்சும் தெளிக்கவில்லை.

பத்தாம் நாளில் தெள்ளு மீண்டும் தோன்றவே, “மருந்து பொய்” என்றார் அப்பத்தா. மருந்து பொய்யன்று, முன்னரே கட்டப்பட்ட கூடுகள் அப்போதுதான் திறந்தன. ஆதலால் கூட்டுதலும் சீவுதலும் உலர்த்துதலும் தொடர்ந்தன. மருத்துவர் குறித்த நாளில் நாய்க்கு மீண்டும் மருந்து இடப்பட்டது. வெளுத்திருந்த குட்டியின் ஈறு சிறிது சிறிதாகச் சிவந்தது.

நான்காம் வாரத்தில் சிறுமி வெள்ளைத் துணியை விரித்து நாயை அதன்மேல் நிறுத்திச் சீவினாள். மூன்று புள்ளிகள் விழுந்தன. துணியை நனைத்துப் பார்த்தாள். இரண்டு மண், ஒன்று சிவந்தது. மறுநாட் காலையில், எவரும் சொல்லாமலே, அப்பத்தா சாக்குகளை எடுத்துச்சென்று முற்றத்து வெயிலில் விரித்தார்.